எலி ஆமாம் என்றது

எங்கள் வீட்டில் ஓர் எலி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். படகுக்காரர் தெருவில் எலி இல்லாத வீடு எது? ஆனால் இது தானாக வந்த எலி இல்லை, நான் ஆசைப்பட்டு வளர்த்த எலி. உடம்பெல்லாம் வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. அதற்குப் பார்வை மங்கிய பிறகு அதைப் பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். அந்த எலியை வைத்துத்தான் ஒரு பெண்ணுக்குப் பெரிய துரோகமும் செய்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தால் இருக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் மாடியில் ஒரு பலகைத் தடுப்பு அறையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தொங்கான் படகில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. நான் பின்கட்டில் உரல் போட்டு இடியாப்ப மாவு இடித்து, வறுத்து, வீடுகளுக்குக் கொடுத்துவந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கீழே முன்கடையில் ஒரு சீனர் கட்டைச் செருப்பு செய்துகொண்டிருந்தார். அவர்தான் கூண்டில் வெள்ளை எலிகள் வளர்த்தார். மகனோடு இருக்க ஈப்போவுக்குப் போனபோது மற்ற எலிகளை யார் யாருக்கோ கொடுத்தார். வயதான இந்த ஒன்றை மட்டும் யாரும் வாங்கவில்லை. பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டார்.

போகிற அன்று அவர் அதன் கண்ணைக் காட்டி, கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் எனக்கு விளக்கினார். இந்தச் சிவப்புக் கண் எலிகளுக்குப் பிறவியிலேயே பார்வை மட்டு. வயதாக ஆக அதுவும் போய்விடும். எதிரே ஏதோ இருக்கிறது என்று தெரியும், எட்ட இருக்கிறதா கிட்ட இருக்கிறதா என்று தெரியாது. அதனால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிப் பார்க்கும். பழகிய வாசனை மூக்கில் பட்டால் ஆட்டத்தை நிறுத்திவிடும். இதையெல்லாம் தன் தலையையே ஆட்டி நடித்துக் காட்டினார். ஆக, எனக்கு முதல் நாளிலேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதில் குறை சொல்ல முடியாது. தண்ணீர்க் கிண்ணியைப் பெட்டியின் வலது மூலையில் வைத்தேன் என்றால் என்றைக்கும் வலது மூலைதான். ஒரு நாள் பெருக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டேன். பாவம், அது பழைய மூலைக்குப் போய் வெறும் பலகையை நக்கிக்கொண்டிருந்தது. சத்தம் கொடுக்காமல் கையை நீட்டினால் பயந்துபோய்க் கடித்துவிடும். அதனால் "வந்துட்டேன்டா ராசா, அம்மா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையை விடுவேன். முதலில் என் விரலை முகரும். எப்போதும் வறுத்த மாவு வாசனை அடிக்கும் விரல். உடனே அடங்கி, உள்ளங்கையில் ஏறிக் குந்திக்கொள்ளும். பின்னங்கால் இழுக்க ஆரம்பித்த பிறகு குழைத்த சோற்றை விரல் நுனியில் வைத்து ஊட்டினேன்.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஊரு உலகத்துல மாவுக்காரி எலிய அடிச்சுக் கொல்லுவா. நீ தாலாட்டுப் பாடுற."

"உங்களுக்கும் வயசாகி கண்ணு தெரியாமப் போகும்ல, அப்ப இதே மாதிரி ஊட்டுவேன். கம்முனு இருங்க" என்பேன்.

முனிசிபல் ஆட்கள் எலி பிடிக்கத் தெருவுக்குள் வந்தால் பெட்டியைப் புடவைக் கூடைக்குள் வைத்து மேலே நான் உட்கார்ந்துவிடுவேன். மனிதர் அதற்கும் சிரிப்பார்.

வம்பு ஆரம்பித்தது கீரைக்கார அக்காவால். மாவு வாங்க மாடிக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ளையாரு வண்டி, எம் மகனுக்கு இந்த வருசமாச்சும் கல்யாணம் ஆகுமா?" என்று விளையாட்டாகக் கேட்டார். புது ஆள், புதுக் குரல். எலி தலையைத் தூக்கி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆட்டியது. நம் ஆட்கள் "சரி, ஆகட்டும்" என்று ஆட்டுவது போலவே இருந்தது. "ஐயோ, ஆமாங்குது பாரு!" என்று அக்கா கைதட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மாதமே அவர் மகனுக்குப் பாகான் டாலாமில் பெண் அமைந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா!

கடைத்தெருவரைக்கும் பேச்சுப் பரவிவிட்டது. மாவு வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வியோடு வந்தார்கள். வேலை கிடைக்குமா, காய்ச்சல் இறங்குமா, மாமியார் மனமிறங்குவாளா? எல்லாவற்றுக்கும் எலி ஆமாம் என்றது. மாவு வாங்க வரும் மலாய்க்கார அம்மா ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, "அது வேண்டாம் வேண்டாம் என்றல்லவா சொல்கிறது" என்று அவர் பாஷையில் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரைக் கேலி செய்தோம். குறி சொல்கிறவளுக்கு வைப்பது போல யாரும் எனக்கு மஞ்சளும் பூவும் வைக்கவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளையில்லாதவள் என்று என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் என் அறையில் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. "அதுக்குக் கண்ணு தெரியல, அதான் ஆட்டுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து அறைக்கு அவள் வந்தாள். பத்து காவான் தோட்டத்தில் புருசனும் பெண்டாட்டியுமாக வேலை பார்த்தவர்கள். ஆட்குறைப்பில் இருவருக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது. அவன் அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, "கெப்பாலா பத்தாஸ் பக்கம் அறுப்பு வேலை இருக்காம், போயிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஊரில் ஒரு பெண் குழந்தை. பால்குடி மறந்ததும் சொந்த அக்காவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியவள். அந்தக் குழந்தையின் ஒரு சட்டையைத் தலைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவாள்.

நான் அவளைத் தங்கச்சி என்றேன், அவள் என்னை அக்கா என்றாள். வந்த மறுநாளே உலக்கையைக் கையில் எடுத்துவிட்டாள். ஒற்றை ஆளாக மாவு இடிப்பது என்பது உயிர் போகிற வேலை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டால் கை வலிப்பதே தெரியாது, பேச்சு அதுபாட்டுக்குப் போகும். எனக்குப் பத்து வருஷமாக எதிர் உலக்கை போட ஆள் இருந்ததில்லை. அவள் வந்தபிறகு காலையில் எழுந்திருக்கவே ஆசையாக இருந்தது. எலி என்றால் மட்டும் அவளுக்குப் பயம். பெட்டிப் பக்கமே வரமாட்டாள்.

இரண்டு மாதமாயிற்று. புருசனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்போதுதான் வேலை போன தோட்டத்து ஆட்களை இலவசக் கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. லேபர் ஆபீசில் அவளுக்கும் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை கப்பல். அந்த வாரமே ஊரிலிருந்து அவள் அக்காவின் கடிதமும் வந்தது. பிள்ளை தினமும் வாசலில் நின்று "அம்மா எப்ப வரும்" என்று கேட்கிறதாம். காசுக்குக் கடிதம் எழுதிப் படித்துக்கொடுக்கும் கடிதக்காரர் அதைப் படித்துச் சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன்.

அவள் தவித்துப்போனாள். போனால் பிள்ளையைப் பார்க்கலாம். ஆனால் இங்கே புருசன் திரும்பி வந்து, ஆளைக் காணோம் என்று நின்றால்? "நீங்க சொல்லுங்கக்கா" என்றாள். "நான் என்னத்தடி சொல்றது" என்றேன். போ என்று சொல்ல வேண்டியவள் நான். அந்த ஆள் வரமாட்டான் என்று என் மனசுக்குள் அப்போதே பட்டது. ஆனால் அவள் போய்விட்டால் என் எதிரே அந்த உரலில் யார் நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. அவ்வளவு சின்ன மனசு எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை தலை முழுகி, கையெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். "அக்கா, எலிகிட்டக் கேட்டுடுறேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்."

எதைக் கேட்டாலும் எலி தலையாட்டும். போகட்டுமா என்று கேட்டாலும் ஆமாம்தான். போய்விடுவாள்.

பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். அவள் எட்டியே உட்கார்ந்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "சாமி, நான் கப்பலேறவா?" என்றாள். அதற்குள் என் கை பெட்டிக்குள் போய்விட்டது. படுக்கைத் துணியைச் சரி செய்வது போல விரலை அதன் மூக்கடியில் வைத்தேன். மாவு இடித்துக் கழுவாத கை. எலி முகர்ந்தது. அப்படியே அடங்கிவிட்டது. ஒரு அசைவு இல்லை. அவள் திரும்பவும் கேட்டாள். அசைவு இல்லை.

"அவரு வருவாரா?"

நான் கையை எடுத்துக்கொண்டேன். எலி என் கையைக் காணாமல் தலையைத் தூக்கித் தேடியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "வருவாராம்க்கா! போக வேணாங்குது, வருவாராம்!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தன்னைத் தேடிய ஒரு குருட்டுப் பிராணியை ஏமாற்றிவிட்டு நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். என்ன பிறவி நான்!

திங்கட்கிழமை கப்பல் சங்கு ஊதியபோது நாங்கள் இரண்டு பேரும் மாவு இடித்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு நிமிஷம் உலக்கையை நிறுத்தினாள். அப்புறம் இடித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எலி மேல் பயம் போய்விட்டது. பயம் போனதோடு, பாசமும் வந்துவிட்டது. அவளே தண்ணீர் மாற்றினாள், அவளே சோறு குழைத்தாள். அதன் கண் சோறு வடித்த கஞ்சி போல வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் அதைக் கண்ணில் பீளை கட்டியிருக்கிறது என்று மட்டும் நினைத்து, வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றிவிடுவாள். தினமும் காலையில் முதல் வேலையாகப் பெட்டியருகே போய், "வருவாரா சாமி?" என்பாள். அது ஆட்டும். சிரித்துக்கொண்டே உலக்கையை எடுக்க வருவாள்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அக்கா, நேத்திலேருந்து எங்கிட்ட ஆமாம்னே சொல்ல மாட்டேங்குது" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். எலி அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அது அவளோடு பழகிவிட்டது. என் கைக்கு அடங்கியது போல இப்போது அவள் கைக்கும் அடங்கிவிட்டது. "அடி பைத்தியமே, உம்மேல உசுரா ஆயிருச்சுடி, அதான் ஆட்டல" என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? "அப்ப கப்பலேறவான்னு கேட்ட அன்னிக்கு ஏன்க்கா ஆட்டல? அன்னிக்கு அதுக்கு என்னைத் தெரியாதே?" அதற்குப் பயந்து சொல்லவில்லை.

"அப்ப வரமாட்டாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். தலையில் இருந்த பூவை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, பின்கட்டுக்குப் போய் உலக்கையை எடுத்தாள். அதற்குப்பின் அவள் பூ வைத்து நான் பார்க்கவில்லை. அவள் புருசன் சயாம் எல்லைப் பக்கம் போய்விட்டதாகப் பல மாதம் கழித்து யாரோ சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, ஆள் வரவே இல்லை.

எலி அடுத்த மாதம் செத்துப்போனது. பகல் நேரம். அவள் மடியில்தான் கிடந்தது. காலெல்லாம் ஓய்ந்துபோய், மூக்கு மட்டும் அவள் புடவையை முகர்ந்துகொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. பின்கட்டுப் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டினோம். அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதோடு ஒரு நிம்மதியும் வந்தது, மறைக்க மாட்டேன். சாட்சி செத்தது என்று நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் என் கையில் தின்ற ஜீவனைப் புதைக்கும்போது எனக்குத் தோன்றிய நினைப்பு அதுதான்.

இலவசக் கப்பல் மறுபடி கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. நானே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல்துறை ஜெட்டிவரை போனேன். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கிட்டங்கித் தெருவில் கூட்டம், சரி அப்புறம் சொல்லலாம் என்றேன். ஜெட்டியில் அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள். "கூடப் பிறந்தவ மாதிரி வச்சிருந்தீங்கக்கா" என்றாள். அதற்கப்புறம் எங்கே சொல்வது?

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அப்போது எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்பது தாண்டிய பிறகுதான் கோயிலில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதனால் கடை முன் நடைபாதையான ஐந்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கடிதக்காரரிடம் கொண்டுபோனேன். அவருக்குக் கணீரென்ற குரல். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று கேட்கிற மாதிரிதான் படிப்பார்.

அவள் சுகம். அக்கா வீட்டிலேயே இருக்கிறாள். குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆனால் பெரியம்மாவைத்தான் அம்மா என்கிறது. இவளைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, சித்தி என்றுதான் கூப்பிடுகிறதாம். இவள் மடியில் உட்கார வைத்தால் இறங்கி ஓடிவிடுகிறதாம். "போன தடவையே வந்திருந்தா அதுக்கு என்னைய ஞாபகம் இருந்திருக்கும்னு எங்கக்கா சொல்லுது. எல்லாம் என் தலையெழுத்துக்கா" என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

கடிதக்காரர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, "பதில் எழுதவா? சொல்லுங்கம்மா" என்றார்.

அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாக முடிவு செய்தேன். "தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது" என்று ஆரம்பித்து, சுகம் விசாரித்து, "அந்த எலிக்குக் கண் தெரியாது. அதனால்தான் அது தலையாட்டியது. அது ஆமாம் என்று சொல்லவில்லை. இது எனக்கு முன்னாலேயே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எழுதிவிட்டு, வழக்கப்படி உரக்கப் படித்துக் காட்டினார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "எலிக்குக் கண்ணு தெரியலைன்னு கப்பல்ல தபாலா? நல்லா இருக்கு லா" என்றான் ஒருவன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "கடைசியில ஒரு வரி எழுதினீங்களே, எனக்கு முன்னாலேயே தெரியும்னு? அத அடிச்சிடுங்க" என்றேன். அவர் தாளை அசிங்கமாக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு கோடு போட்டு அடித்தார்.

"வேற எதாச்சும் இருக்கா?"

என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. "அவ்வளவுதான்" என்றேன்.

அவள் பதிலும் வந்தது. அதையும் அந்தக் கடிதக்காரரே அந்தக் குரலில் படித்தார். ஊர் விஷயம் இரண்டு வரி. பிள்ளைக்குக் காது குத்தியது ஒரு வரி. அப்புறம் எலியைப் பற்றி.

"அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சேக்கா. அது மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. தெரிஞ்சிருந்தா தினமும் கேள்வி கேட்டுத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் நல்லாப் பாத்திருப்பேன்."

கடிதக்காரர் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். பதில் எழுதவா என்று கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். போகவே இல்லை.